ஜீரோ எஸ்கேப் சேகரிக்கிறீர்களா? கேமை விடக் கைக்கடிகாரத்துக்குத்தான் அலைய வேண்டும்

அறிவியல் புனைகதை விஷுவல் நாவல்களில் (படித்துக்கொண்டே விளையாடும் கதை கேம்களில்) சிறப்புப் பதிப்பு என்றதும் பெரிய அட்டைப்பெட்டி, உள்ளே கலைப்புத்தகம், இசைத்தட்டு, கூடவே ஒரு ஸ்டீல்புக் (உலோக டப்பா) என்றுதான் நமக்குத் தோன்றும். ஸ்டைன்ஸ்;கேட் குடும்பத்தைச் சேர்ந்த அனானிமஸ்;கோட் 2023-ல் ஆங்கிலத்தில் வந்தபோது ஸ்டீல்புக்கோடுதான் வந்தது, அதை வாங்கி அலமாரியில் வைத்தால் அந்தத் தலைப்பைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. ஜீரோ எஸ்கேப் அப்படிப்பட்ட தொடர் இல்லை. இதன் அமெரிக்க வெளியீடுகளில் சேகரிப்பவர்கள் துரத்துவது பெட்டியை அல்ல, முன்பதிவு செய்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த ஒரு கைக்கடிகாரத்தை. கேம் எங்காவது கிடைத்துவிடும். கடிகாரம்தான் கிடைக்காது. இது தெரியாமல் ‘லிமிடெட் எடிஷன்’ என்று எழுதியிருப்பதை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொடர் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கோட்டாரோ உச்சிகோஷி எழுதி இயக்கிய மூன்று கேம்கள். ஒவ்வொன்றிலும் ஒன்பது பேரை யாரோ கடத்திக்கொண்டு போய் அடைத்துவைத்து, கையில் கழற்ற முடியாத ஒரு வளையத்தை மாட்டிவிடுகிறார்கள். முதல் கேமான ‘999’-ல் அந்த வளையத்தில் ஆளுக்கொரு எண் இருக்கும். மூன்று முதல் ஐந்து பேர் சேர்ந்து தங்கள் எண்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாகச் சுருக்கினால் எது வருகிறதோ, அந்த எண் போட்ட கதவுதான் திறக்கும். 3, 4, 7 சேர்ந்தால் 14, ஒன்றும் நான்கும் 5, ஆக ஐந்தாம் கதவு. இரண்டாவதான ‘வர்ச்சூஸ் லாஸ்ட் ரிவார்ட்’-ல் வளையம் உங்கள் புள்ளிகளைக் காட்டும்: தொடக்கத்தில் 3, ஒன்பது சேர்த்தால் வெளியே போகலாம், பூஜ்யத்துக்கு இறங்கினால் உயிர் போகும். மூன்றாவதான ‘ஜீரோ டைம் டிலெமா’-வில் 90 நிமிடத்துக்கு ஒருமுறை அதே வளையம் ஊசிபோட்டு நினைவை அழித்துவிடும். கதை முழுக்க மணிக்கட்டில்தான் நடக்கிறது. அந்த வளையத்தின் வடிவில் செய்த கடிகாரத்துக்கு ரசிகர்கள் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

எந்தக் கடிகாரம் எதனோடு வந்தது

999 இரண்டு திரை உள்ள கைக்கருவியான நின்டெண்டோ டிஎஸ்-க்கு ஜப்பானில் 2009 டிசம்பரில் வந்தது, அமெரிக்காவில் ஆக்ஸிஸ் கேம்ஸ் 2010 நவம்பரில் வெளியிட்டது. கடிகாரம் முதலில் கேம்ஸ்டாப் கடையில் முன்பதிவு செய்தவர்களுக்கு என்றுதான் இருந்தது. அங்கே முன்பதிவு குறைவாக இருந்ததால் ஆக்ஸிஸ் தன் இணையக் கடையிலும் கேமோடு சேர்த்து விற்றது. ஆகவே, கடிகாரம் இல்லாத 999 அசல் இல்லையோ என்று சந்தேகப்பட வேண்டாம். டப்பா, மேனுவல், கார்ட்ரிட்ஜ் மூன்றும் இருந்தால் அது முழுமையான 999-தான், கடிகாரம் தனிக் கணக்கு. விலை பேசும்போதும் இரண்டையும் தனித்தனியாக மதிப்பிட்டுத்தான் பேச வேண்டும்.

வர்ச்சூஸ் லாஸ்ட் ரிவார்ட் 2012 அக்டோபரில் அமெரிக்காவுக்கு நின்டெண்டோவின் 3டிஎஸ், சோனியின் கைக்கருவியான வீட்டா இரண்டிலும் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பாவில் ரைசிங் ஸ்டார் கேம்ஸ் வெளியிட்டது. கடிகாரம் அமெரிக்க முன்பதிவுக்குத்தான். ஐரோப்பியப் பதிப்போடு கடிகாரத்தைச் சேர்த்து, எல்லாம் ஒரே பெட்டியில் வந்த ‘அசல் தொகுப்பு’ என்று யாராவது விற்றால், இரண்டு இடத்தில் வாங்கி ஒன்றாக வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அசல் தொகுப்பின் விலையைக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது கேம் வராமலே போயிருக்க வேண்டியது. முதல் இரண்டும் ஜப்பானில் சரியாக விற்காததால் 2014-ல் தொடர் நிறுத்திவைக்கப்பட்டது, ரசிகர்கள் ‘ஆபரேஷன் புளூபேர்ட்’ என்று ஓர் இயக்கமே நடத்தினார்கள், 2015 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த அனிமே எக்ஸ்போவில் அறிவிப்பு வந்தது, 2016 ஜூன் 28-ல் கேம் வெளியானது. இதற்கும் முன்பதிவுக் கடிகாரம் உண்டு. ஆனால் கடிகாரங்கள் கேமோடு சேர்ந்து வராமல் தாமதமாகவே வந்தன. இப்போது பழைய பொருள் சந்தையில் கேமும் கடிகாரமும் பிரிந்து கிடப்பதை நிறையப் பார்க்கலாம், அது விற்பவரின் பித்தலாட்டம் இல்லை.

முதலில் எந்தக் கருவி என்று முடிவெடுங்கள்

இதைச் செய்யாமல் வாங்கத் தொடங்கினால் ஒரே கேம் மூன்று உருவத்தில் சேர்ந்துவிடும், தொகுப்பு மட்டும் முழுமையாகாது.

எனக்குப் பிடித்த வழி டிஎஸ், 3டிஎஸ் வழி. 999 டிஎஸ் கார்ட்ரிட்ஜுக்குப் பகுதிப் பூட்டு கிடையாது, எந்த நாட்டு டிஎஸ்-லும் 3டிஎஸ்-லும் ஓடும். ஆனால் 3டிஎஸ் கேம்களுக்குப் பூட்டு உண்டு. அமெரிக்கப் பதிப்பு அமெரிக்க 3டிஎஸ்-ல்தான் ஓடும். அதனால் அமெரிக்க 3டிஎஸ் ஒன்று கைவசம் இருந்தால் 999, வர்ச்சூஸ் லாஸ்ட் ரிவார்ட், ஜீரோ டைம் டிலெமா மூன்றையும் ஒரே கருவியில் முதலிலிருந்து கடைசிவரை விளையாடிவிடலாம். 3டிஎஸ்-ன் இணையக் கடையை நின்டெண்டோ 2023 மார்ச்சில் மூடிவிட்டது, இனி புதிதாக அங்கே டிஜிட்டலாக வாங்க முடியாது, கார்ட்ரிட்ஜ்தான் வழி.

வீட்டா வழி சிக்கனமானது. வீட்டா கார்டுகளுக்குப் பகுதிப் பூட்டு இல்லை. 2017 மார்ச்சில் வந்த ‘தி நோனரி கேம்ஸ்’ தொகுப்பில் முதல் இரண்டு கேமும் சேர்ந்தே இருக்கின்றன, அதன் அமெரிக்க வீட்டா பதிப்பு கார்டாகவே வந்தது. அதையும் ஜீரோ டைம் டிலெமா வீட்டா கார்டையும் வாங்கினால் இரண்டு டப்பாவில் முழுத் தொடரும் அடங்கிவிடும். ஐரோப்பாவில் நோனரி கேம்ஸ் வீட்டாவுக்கு டிஜிட்டலாக மட்டுமே வந்தது, பிளேஸ்டேஷன் 4-க்குத்தான் (பிஎஸ்4) டிஸ்க். ஆகவே ‘ஐரோப்பிய வீட்டா டப்பா’ என்று யாராவது நோனரி கேம்ஸை விற்றால், அச்சடித்த கவர் போட்ட டப்பாவாக இருக்கலாம், தள்ளிப் போங்கள்.

பிஎஸ்4 வழியும் இரண்டு டப்பாதான், ஜீரோ டைம் டிலெமா அதற்கு 2017-ல் வந்தது. கதையைப் படித்தால் போதும் என்பவர்களுக்கு இதுவே சரி, இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

நோனரி கேம்ஸ் கையில் இருந்தால் பழைய டிஎஸ் 999 எதற்கு என்று கேட்பார்கள். புதிய தொகுப்பில் குரல் நடிப்பு இருக்கிறது, கதை எங்கெங்கே பிரிகிறது என்று காட்டும் வரைபடம் இருக்கிறது, வேண்டிய இடத்துக்குத் தாவலாம். டிஎஸ்-ல் இது எதுவும் கிடையாது. ஒவ்வொரு முடிவுக்கும் முதலிலிருந்து தொடங்கி, ஏற்கெனவே படித்த வரிகளை ஓடவிட்டு வர வேண்டும். ஆனாலும் 999 இரண்டு திரைக்காக எழுதிய கதை. மேல் திரையில் ஏன் ஒன்று வருகிறது, கீழ்த் திரையில் ஏன் வேறொன்று வருகிறது என்பதற்குக் கதையிலேயே பதில் இருக்கிறது, அது தெரியவரும் இடத்தில் கையில் டிஎஸ் இருந்தால் உடம்பு சிலிர்க்கும். ஒற்றைத் திரையில் அதற்கு மாற்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள், கெட்டிக்காரத்தனமாகவே செய்திருக்கிறார்கள், ஆனால் அது மாற்று ஏற்பாடுதான். இந்தத் தொடரில் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்ற நிலை இருந்தால் நான் டிஎஸ் 999-ஐத்தான் வாங்கச் சொல்வேன்.

2014-ல் ஐபோனுக்கு ஆங்கிலத்தில் வந்த 999 புதிர்களை எடுத்துவிட்டுக் கதையை மட்டும் கொடுத்தது. அலமாரியில் வைக்கிற பொருள் இல்லை என்பதால் இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

போலி டிஎஸ் கார்ட்ரிட்ஜைப் பிடிப்பது

டிஎஸ் கார்ட்ரிட்ஜ்களில் போலி ஏராளம். விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: கார்ட்ரிட்ஜின் முன்பக்கம், பின்பக்கம், டப்பாவின் முதுகு. மூன்றும் நல்ல வெளிச்சத்தில், ஒரு காகிதத்தில் அன்றைய தேதியை எழுதிப் பக்கத்தில் வைத்து எடுத்த படங்களாக இருக்கட்டும். இணையத்தில் வேறெங்கிருந்தோ எடுத்த படத்தை ஒட்டுகிறவர்கள் இந்தத் தேதிக் காகிதத்திலேயே கழன்றுகொள்வார்கள்.

படம் வந்ததும் பெரிதாக்கிப் பாருங்கள். முன்பக்க லேபிளில் என்டிஆர் என்று தொடங்கும் ஒரு குறியீடு அச்சாகியிருக்கும், நடுவில் நான்கு எழுத்து, அதுதான் அந்தக் கேமின் அடையாளம். அமெரிக்கப் பதிப்பு என்றால் கடைசியில் யுஎஸ்ஏ என்று முடியும். கார்ட்ரிட்ஜைத் திருப்பினால் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இன்னொரு குறியீடு இருக்கும், அதன் முதல் நான்கு எழுத்தும் முன்னே பார்த்த நான்கு எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். போலி அடிக்கிறவர்கள் லேபிளை அழகாக ஒட்டிவிடுவார்கள், பின்பக்கத்தில் எந்தக் கேமுக்கும் ஒரே குறியீட்டை வைத்திருப்பார்கள், அல்லது ஒன்றுமே இருக்காது. அடுத்தது நின்டெண்டோ என்ற எழுத்துகள். பின்பக்க பிளாஸ்டிக்கில் அவை வார்ப்பிலேயே கூர்மையாக வந்திருக்க வேண்டும், மழுங்கியிருந்தாலோ எழுத்துக்கு எழுத்து இடைவெளி மாறினாலோ வேண்டாம். வயதுத் தகுதி முத்திரை மங்கலாக, மறுபடி ஸ்கேன் செய்ததுபோல இருந்தாலும் அதே முடிவுதான். உங்களிடம் வேறு ஏதாவது அசல் டிஎஸ் கேம் இருந்தால் அதைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை.

சீல் பிரிக்காதது என்று விற்பதற்குக் கூடுதல் விலை கொடுக்கும் முன் யோசியுங்கள். பிளாஸ்டிக் உறையைத் திரும்பச் சுற்றும் இயந்திரம் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய பொருள். அதே நிறுவனம் அதே காலத்தில் வெளியிட்ட வேறு கேம்களின் சீல் எப்படி மடிந்திருக்கிறது, ஒட்டு எந்த ஓரத்தில் வருகிறது என்று நாலைந்து படங்களை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சீல் பிரித்த, ஆனால் நல்ல நிலையில் உள்ளதை வாங்குங்கள், உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்கவாவது முடியும்.

3டிஎஸ் வர்ச்சூஸ் லாஸ்ட் ரிவார்டை வாங்கி விளையாடப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: புதிர் அறைக்குள் இருக்கும்போது சேமித்தால் கேம் உறைந்து, சேமித்த கோப்பே கெட்டுப்போகும் பிழை அதில் இருக்கிறது. குறிப்பாக பிஇசி என்ற அறை. இது உங்கள் கார்ட்ரிட்ஜின் பழுது இல்லை, விற்றவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். புதிரை முடித்துக் கதைப் பகுதிக்கு வந்தபிறகு மட்டும் சேமியுங்கள்.

கடிகாரம் வாங்கும்போது

இவை விளம்பரத்துக்காகச் செய்த சாதாரண டிஜிட்டல் கடிகாரங்கள். பத்துப் பதினைந்து வருடம் ஆகிவிட்டதால், வாங்கும்போது பார்க்க வேண்டியது ஓடுகிறதா என்பதை அல்ல, பேட்டரி உள்ளே எவ்வளவு காலமாகக் கிடக்கிறது என்பதை. ஒரு விற்பனையாளர் ‘புத்தம் புதுசு, தொட்டதே இல்லை’ என்று போட்டிருந்தார். பின்மூடியைத் திறந்து ஒரு படம் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அனுப்பினார். பொத்தான் பேட்டரியின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது, அது பக்கத்தில் இருந்த செம்பு நாக்கு வரை படர்ந்து அங்கே பச்சையாகியிருந்தது. வெளியே ஒரு கீறல் இல்லை. தொடாமல் வைத்திருந்ததுதான் அதைக் கெடுத்தது. அவரும் ஏமாற்ற நினைத்தவர் இல்லை, படத்தைப் பார்த்து என்னைவிட அவர்தான் அதிகம் வருத்தப்பட்டார்.

ஆகவே திறந்த படம் இல்லாமல் கடிகாரத்துக்குப் பெரிய தொகை தராதீர்கள். வாங்கிய பிறகு முதல் வேலை, பேட்டரியைக் கழற்றுவது. பின்னால் இருக்கும் திருகுகள் மிகச் சிறியவை, சரியான ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் முயன்றால் தலை தேய்ந்துவிடும். தெருமுனைக் கடிகாரக் கடையில் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை. பேட்டரியின் மேல் பொறித்திருக்கும் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கடிகாரத்தோடு வையுங்கள், காட்ட வேண்டும் என்று தோன்றும் நாளில் புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

பட்டையையும் கவனியுங்கள். மென்மையான பிளாஸ்டிக் பட்டைகள் வருடங்கள் போகப் போகப் பிசுபிசுக்கத் தொடங்கும், மலிவான பிளாஸ்டிக் பைக்குள் மூடி வைத்தால் பையோடேயே ஒட்டிக்கொள்ளும். அமிலம் இல்லாத காகிதத்தில் தளர்வாகச் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு காற்றுப்புகாத டப்பாவில் வைப்பது நல்லது. கடலோர ஊர்க்காரர்கள் அந்தப் பொட்டலத்தை அடிக்கடி மாற்றுங்கள். கேம் டப்பாக்களுக்கு எதிரி வெயில். ஜன்னலைப் பார்த்து அடுக்கினால் முதுகில் உள்ள எழுத்துகள் வெளுத்துப்போகும், அப்புறம் என்ன செய்தாலும் திரும்ப வராது.

விலை என்ன என்று கேட்டால் ஒரு எண்ணைச் சொல்வதில் பயன் இல்லை, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஈபேயில் இப்போது விற்பனைக்கு இருப்பவற்றின் விலையைப் பார்க்காதீர்கள், அது விற்பவரின் ஆசை. விற்று முடிந்தவை என்ற வடிகட்டியைப் போட்டு, கடைசியாகப் போன நாலைந்து விலைகளைப் பாருங்கள். கேம்களுக்கு பிரைஸ்சார்ட்டிங் தளம் உதவும். கடிகாரங்கள் விற்பனைக்கு வருவதே அரிது என்பதால் தேடல் சொல்லைச் சேமித்து, புதிதாக வந்தால் மின்னஞ்சல் வரும்படி வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். தினமும் தேடினால் ஒரு கட்டத்தில் பொறுமை போய் எதையாவது அதிக விலைக்கு வாங்கிவிடத் தோன்றும்.

ஜப்பானிலிருந்து வாங்குவது

ஜப்பானியப் பதிப்புகள் பல சமயம் அமெரிக்கப் பதிப்புகளைவிட மலிவாகக் கிடைக்கும். நிலையும் நன்றாக இருக்கும், அங்கே பழைய பொருள் கடைக்காரர்கள் சின்னக் கீறலைக்கூட எழுதி வைத்துவிடுவார்கள். சுருகயா, மண்டராகே, புக் ஆஃப் மூன்றும் பெயர்பெற்ற இடங்கள். யாஹூ ஏலத்துக்கு ஸென்மார்க்கெட், பையீ போன்ற இடைத்தரகர் தளங்கள் வழியாகப் போகலாம், அவர்களின் கட்டணத்தையும் உள்நாட்டு அஞ்சல் செலவையும் முதலிலேயே கூட்டிக்கொள்ளுங்கள். ஜப்பானியப் பதிப்பில் மொழி ஜப்பானியம்தான் என்பதை மறக்க வேண்டாம், ஜப்பானிய 3டிஎஸ் கேமுக்கு ஜப்பானிய 3டிஎஸ்-ம் வேண்டும்.

பெரும் குழப்பம் கடை வாரியான பரிசுகளில்தான் வரும். ஜப்பானில் ஒரே கேமுக்கு ஒவ்வொரு கடையும் தனித்தனிப் பரிசு கொடுக்கும் வழக்கம் உண்டு: ஒரு கடையில் துணிப் படம், இன்னொன்றில் நாடகக் குறுந்தட்டு, வேறொன்றில் அட்டை. எல்லாவற்றையும் சேர்த்தே தீருவேன் என்று கிளம்பினால் முடிவே கிடையாது. விற்பனைக் குறிப்பில் ‘தொகுதென்’ என்று இருந்தால் பரிசு சேர்ந்திருக்கிறது, ‘ஷோகை’ என்றால் முதல் அச்சு, ‘மிகாய்ஃபூ’ என்றால் பிரிக்காதது. இந்த மூன்றையும் மொழிபெயர்ப்புச் செயலி சில நேரம் குழப்பிவிடும் என்பதால் படத்தில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

ஜப்பானிலிருந்து வாங்க நான் முதலில் சொல்வது இசைத்தட்டுகளைத்தான். மூன்று கேமுக்கும் இசை ஷின்ஜி ஹோசோயே. அவருடைய சூப்பர்ஸ்வீப் நிறுவனம் 999-க்கும் வர்ச்சூஸ் லாஸ்ட் ரிவார்டுக்கும் இசைத்தட்டு வெளியிட்டிருக்கிறது. மொழி தெரிய வேண்டியதில்லை, பகுதிப் பூட்டு இல்லை, பேட்டரி கசியாது, போலியும் குறைவு. கடிகாரத்துக்குக் காத்திருக்கும் காலத்தில் அலமாரியை நிறைக்க இதைவிட நல்ல பொருள் இல்லை.

அனுப்பும் விஷயத்தில் இரண்டு குறிப்பு. பேட்டரி உள்ள பொருளை விமானத் தபாலில் அனுப்ப நாட்டுக்கு நாடு கட்டுப்பாடு இருக்கிறது, அதனால் கடிகாரம் வாங்கினால் பேட்டரியைக் கழற்றிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள், கடிகாரத்துக்கும் அதுவே நல்லது. இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் விலைச்சீட்டை உள்ளேயும் வெளியேயும் வைக்கச் சொல்லி, உண்மையான விலையையே எழுதச் சொல்லுங்கள். வரியை மிச்சம் பிடிக்கக் குறைத்து எழுதினால் கஸ்டம்ஸில் நிற்பது ஒரு பக்கம், வழியில் தொலைந்தால் காப்பீட்டில் அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும்.

பொட்டலம் வந்ததும் பிரிப்பதை ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள், முகவரிச் சீட்டு தெரிவதிலிருந்து கார்ட்ரிட்ஜைக் கருவியில் போட்டு முதல் திரை வருகிற வரை. பழைய சேமிப்புக் கோப்பு இருந்தால் அழிப்பதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். அது திறந்தால் சேமிப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் நீங்களே ஒன்று சேமித்து, கருவியை அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, அதன்பிறகு விற்றவருக்கு நல்ல மதிப்பீடு கொடுங்கள். புகார் செய்யும் காலக்கெடு முடியும்வரை பொட்டலத்தின் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம்.